கிரான்ட் தெரு நீதிமன்றத்துக்குப் போகுமுன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று நம் தமிழ்ப் பள்ளியின் 5, 6-ஆம் நிலை மாணவர்களை பிட்ஸ்பர்கிலுள்ள அலெகேனி கவுண்டி நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறோம். சனி, ஞாயிறு அங்கே பூட்டுதான், அதனால்தான் வாரநாள்.

முன்பிருந்த நீதிமன்றம் 1882-இல் தீயில் அழிந்தது. புதியதை வடிவமைத்தவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். 1884-இல் வேலை தொடங்கி 1888-இல் முடிந்தது. முடிந்ததை அவர் பார்க்கவில்லை. 1886-இல், 47 வயதில் இறந்துபோனார்.

பிள்ளைகள் முதலில் பார்க்கவேண்டியது வாசலை. கம்பீரமான அரைவட்ட வளைவுகள் ஒரு மாடி உயரத்தில் நிற்க, ஆட்கள் அவற்றுக்குக் கீழே குட்டையான கதவுகள் வழியே நுழைகிறார்கள். கட்டியவர் தவறு அல்ல. தெரு மேட்டில் ஏற வண்டிகள் திணறியதால் 1913 வாக்கில் நகராட்சி கிரான்ட் தெருவையே வெட்டித் தாழ்த்தியது. தலைவாசல் மேலே நின்றுவிட்டது. நிலவறை தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் வெளியே படிக்கட்டு வைத்தார்கள். தெருவை அகலப்படுத்தியபோது அதுவும் போயிற்று. உள்ளே நுழைந்ததும் கூரை தாழ்வாக, கொஞ்சம் ஏமாற்றமாக இருப்பது இதனால்தான். ஒரு மாடி ஏறினால், வளைவுமேல் வளைவாக விரியும் கல் படிக்கட்டு. வரையச் சொல்லப்போவது அதைத்தான்.

முகப்புக் கோபுரம் அழகுக்கு மட்டும் அல்ல. அந்நாளில் நகரமே கரிப்புகை. தெருமட்டக் காற்றை உள்ளே விட்டால் அறையெல்லாம் கரி படியும். அதனால் கோபுர உச்சியிலிருந்து காற்றை இழுத்து அறைகளுக்கு அனுப்பி, கெட்ட காற்றைப் பின்பக்கக் கோபுரங்கள் வழியே வெளியேற்றினார்கள். நடுவிலுள்ள முற்றம் உள்பக்க அறைகளுக்கு வெளிச்சம் தருகிறது. நம் ஊர் நாற்கட்டு வீட்டு முற்றம் செய்யும் அதே வேலை.

பின்னால் ராஸ் தெருவைத் தாண்டி ஒரு கல் பாலம். கைதிகளைத் தெருவில் இறக்காமல் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடத்திச் செல்லக் கட்டியது. வெனிஸ் நகரத்துப் பாலத்தின் பெயரால் ‘பெருமூச்சுப் பாலம்’ என்பார்கள். பழைய சிறையின் வாசல் வளைவில் ஆப்பு வடிவக் கற்கள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள்; அலங்காரமே இல்லாமல் கல்லின் கனத்தாலேயே மிரட்டுகிற சுவர். என் கணக்கில் முகப்பைவிட இதுவே மேல். 1995 வரை சிறையாக இருந்தது, இப்போது குடும்ப நீதிமன்றம்.

காலை 9 மணிக்குக் கிரான்ட் தெரு வாசலில் விட்டுவிடுங்கள். விமான நிலையம்போல் பை சோதனை உண்டு: கத்தரிக்கோல், காம்பஸ், பிளேடு வைத்த பென்சில் சீவி எதுவும் வேண்டாம். இரண்டு பென்சில்களை வீட்டிலேயே சீவி அனுப்புங்கள். வழக்குகள் நடந்துகொண்டிருக்கும், நடைகூடத்தில் கல்லில் எதிரொலி அதிகம், மெதுவாகப் பேசப் பழக்குங்கள். சம்மதப் படிவம் ஞாயிறு வகுப்புக்குள் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்