அதிரசத்துக்கு அடியில்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு அப்பா எழுதுவது.

ஃபோனை நீ எடுப்பதில்லை. வாட்சாப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால் அம்மா கொடுத்துவிட்ட அதிரச டப்பாவுக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். ராத்திரி ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம். திருட்டுப் பயம் என்றால் சும்மா சாத்தி வை.

புதன்கிழமை உன் காலேஜுக்கு வந்திருந்தேன். ஆபீசில் விவரமாகச் சொன்னார்கள். 75 சதவீதம் வருகை வேண்டும், 65க்கு மேல் இருந்தால் மெடிக்கல் சர்டிஃபிகேட் வைத்துக் கேட்கலாம், உனக்கு 58. அஞ்சாம் செமஸ்டர் பரீட்சை கிடையாது. அடுத்த வருஷம் ஜூனியர் பையன்களோடு உட்கார்ந்து அதையே திரும்பப் படிக்க வேண்டும். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்கள். நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷம் வரை முடிக்கலாமாம். இதற்கா மூன்று வாரமாக வாயைத் திறக்காமல் இருக்கிறாய்? பன்னிரண்டாவதில் கணக்கில் 97 வாங்கியபோது தீப்பெட்டி ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தேனே, அந்தப் பையன்தானே நீ.

அம்மா கம்மலை நினைத்துக் குழம்பாதே. அது வீட்டில் இருப்பதைவிட பேங்கில் இருந்தால்தான் பத்திரம். சித்தப்பா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ரூமில் தனியாக இருக்காதே, கதவையும் தாழ்ப்பாள் போடாதே.

வருகைப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் "முடியலப்பா" என்று ஃபோன் செய்தாய். "ஊரில் எல்லாரும் படிக்கலையா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்துதான் நீ வகுப்புக்குப் போகவில்லை. தாளில் வரிசையாக ஆப்சென்ட்.

அந்தப் புதன்கிழமையே ஹாஸ்டல் மெஸ் வாசல் வரை வந்தேன். நீ உட்கார்ந்திருந்தாய், தட்டில் சோறு அப்படியே இருந்தது. கூப்பிட்டால் மறுபடியும் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம், நீ வகுப்பில் இருந்ததால் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன்.

14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, டெலி மனஸ், மனசு கஷ்டமாக இருந்தால் கூப்பிட்டுப் பேசுவதற்கு. அரசாங்கத்துடையது. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உனக்காக விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். அரை மணி நேரம் என்னைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன். அந்தப் பெண் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. நீயும் பேசிப் பார்.

அடுத்த ஜூலை வரை இங்கே வந்து இருந்தாலும் சரி, அங்கேயே இருந்து பழைய அரியர் இரண்டையும் எழுதினாலும் சரி. எதுவாக இருந்தாலும் நீயே சொல். நான் குறுக்கே பேச மாட்டேன், பேசினால் அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். இந்தத் தடவை உள்ளே வருவேன். கதவு சாத்தி மட்டும் இருக்கட்டும்.

அப்பா

டப்பாவைத் தொலைத்துவிடாதே, அது அத்தை வீட்டு டப்பா.