தரையில் உட்காருவதை விட்டுவிடாதே அம்மா

லெஸ்டர், இங்கிலாந்து,
12.2.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நாலு பேரும் சுகம். போனில் நீ "சாப்பிட்டியா, பிள்ளைகள் சாப்பிட்டுச்சா" என்று கேட்டு முடிப்பதற்குள் தம்பி மகள் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால்தான் பழையபடி கடிதம். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில் நல்ல சேதி. என் பேர் மறுபடியும் பிசியோதெரபிஸ்ட் பதிவேட்டில் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரில் தேடினேன். இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். அப்போதும் இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர்கிறேன்.

இந்த நாட்டில் 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பேருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு அம்மா. எச்.சி.பி.சி என்கிற கவுன்சிலின் பதிவேட்டில் இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். சின்னவன் பிறந்ததும் 2016-ல் வேலையை விட்டேன். 2018 ஏப்ரலில் பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது சின்னப் பிள்ளையும் இவருடைய நைட் ஷிப்டுமாக இருந்ததில் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசலில் மற்ற தாய்மார் "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்டால் "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நீ ராத்திரி பதினோரு மணி வரைக்கும் குண்டு பல்ப் வெளிச்சத்தில் பீடி சுற்றிக் காலேஜ் பீஸ் கட்டிப் படிக்கவைத்த படிப்பு அது. ஒரு நாள்கூட நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை. "படிச்ச படிப்பு எங்கட்டி போகப் போகுது" என்று மட்டும் சொன்னாய்.

கொஞ்சம் போய்த்தான் இருந்தது. இங்கே விதி என்னவென்றால், இரண்டு வருஷத்துக்கு மேல் தொழிலை விட்டிருந்தால் 30 நாள், ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் 60 நாள் படித்தும் பழகியும் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு நாள் என்பது ஏழு மணி நேரம். எனக்கு வந்தது 60 நாள், அதில் பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து தானாகப் படித்ததாகக் காட்ட முடியாது. நான் மீதி 30 நாளையும் வார்டில் செய்வதென்று முடிவு பண்ணினேன். கூடவே நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், குறைந்தது மூன்று வருஷமாவது தொழிலில் இருக்கிற பிசியோவாக இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. அப்படி ஒருவரைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பதினோரு இடத்துக்கு எழுதினேன். பெரும்பாலும் பதிலே இல்லை. ஓரிடத்தில் "விட்டுப்போனவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஆள் இல்லை" என்றார்கள். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கடைசியில் வயதானவர்கள் வார்டில் ஒரு அம்மா சரி என்றார். என்னைவிட எட்டு வயது இளையவர். அவருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுப் படிப்பை நம் சமையல் மேசையில்தான் படித்தேன். காலேஜில் எத்தனை நாள் மெஷின்களோடு கிடந்தேன் தெரியுமா? வலிக்கு மின்சாரம் கொடுக்கிற ஐ.எஃப்.டி, ஒலி அலை கொடுக்கிற அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துவிடுகிற டிராக்‌ஷன். நம் ஊரில் இடுப்பு வலி என்று வருகிறவர்கள்கூட "மெஷின் வைத்துவிடுங்கள்" என்றுதானே கேட்பார்கள்? நான் வேலையை விட்ட அதே வருஷம் நவம்பரில் இங்கே சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுகிற நைஸ் என்ற அமைப்பு இடுப்பு வலிக்குப் புது வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அந்த மெஷின் எதுவும் வேண்டாம், டிராக்‌ஷன் வேண்டாம், இடுப்புப் பெல்ட்டும் வேண்டாம், நடமாட வை, உடற்பயிற்சி கொடு என்று. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தப் பெல்ட்தானே. நீயும் மகள் கொடுத்ததாச்சே என்று இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாய். அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடு அம்மா. நான் மனசு சங்கடப்பட மாட்டேன்.

வார்டில் முதல் நாளைச் சொல்கிறேன். 84 வயது வெள்ளைக்காரப் பாட்டி, விழுந்து தொடை எலும்பின் மேல் பக்கம் உடைந்து, முந்தின நாள்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. நம் பக்கம் என்றால் "அசையாமல் படுத்துக்கிடங்கள்" என்று சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். இங்கே மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். படுக்கப் போட்டால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், சதை கரையும். நான் கட்டிலை உயர்த்தினேன், வாக்கரை முன்னால் வைத்தேன், பாட்டியின் முதுகில் ஒரு கையும் இடுப்பருகில் ஒரு கையும் வைத்தேன். ஆறு வருஷம் கழித்தும் கைகள் தன் இடத்துக்குத் தானாகப் போய் நின்றன. பாட்டி எழுந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் உதடு வெளுப்பதை நான் கவனிக்கவில்லை. கூட இருந்தவர்தான் பார்த்து, மெதுவாக உட்காரவைத்தார். எழுப்புவதற்கு முன்னால் பிரஷர் பார்க்க மறந்திருந்தேன். படுத்திருந்தவர் எழுந்தால் பிரஷர் சட்டென்று இறங்கும், முதல் வருஷப் பாடம். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தப்பு என்னுடையது. அன்று ராத்திரி அதை நோட்டில் எழுதிவைத்தேன். மீதி 29 நாளும் பிரஷர் பார்க்காமல் யாரையும் நான் எழுப்பவில்லை.

கடைசி வாரம் விழுந்து எழுந்தவர்களுக்கான வகுப்புக்கு அனுப்பினார்கள். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். அங்கே வயதானவர்களுக்குத் தரையிலிருந்து எழுந்திரிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விழுந்தவர் எழுந்திரிக்கத் தெரியாமல் மணிக்கணக்கில் குளிரில் கிடந்துவிடுகிறார்கள் அம்மா. சில நேரம் விழுந்த அடியைவிட அதுதான் ஆபத்தாகிவிடுகிறது. வகுப்பில் முதல் நாள் ஒருவரும் பாயில் இறங்கவில்லை. ஒரு குஜராத்திப் பாட்டி, பூஜைக்குக்கூட நாற்காலிதான் என்றார், தரையில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆயிற்றாம். நான் முதலில் படுத்துக் காட்டினேன். மூன்றாவது வகுப்பில் அவர் இறங்கி, தானாக எழுந்து, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்போது உன்னை நினைத்தேன். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, மடியில் சொளவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உலை பார்க்க ஒரு தடவை, ஆட்டை விரட்ட ஒரு தடவை என்று நாளைக்கு இருபது முறையாவது எழுந்திரிப்பாய். இவர்கள் ஒரு மாதம் பழகுகிற வித்தை அது. ஐப்பசி மழையில் நீ முற்றத்தில் வழுக்கி விழுந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் நாற்காலி வாங்கிப் போட்டு, "இனிமேல் தரையில் உட்காரவே கூடாது" என்று சொல்லிவிட்டானாமே. பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் அவன் பேச்சைக் கேட்காதே. உட்காருவதை விட்டால் எழுந்திரிக்கிற தெம்பும் போய்விடும். பீடி சுற்றுவதைக் குறைத்துக்கொள், கட்டை விரல் வலிக்கிறது என்கிறாய். தரையை மட்டும் விடாதே.

விழுந்தால் இப்படிச் செய். அவசரப்படாதே, எங்கே வலிக்கிறது என்று பார். கடுமையாக வலித்தால் அசையாமல் கூப்பிடு. இல்லையென்றால் ஒருச்சாய்ந்து, முழங்கையை ஊன்றி, பிள்ளைகள் தவழ்கிற மாதிரி வா. தவழ்ந்தே மர ஸ்டூல் வரைக்கும் போ. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். இரண்டு கையையும் ஸ்டூலின் மேல் வை. தெம்பான காலை முன்னால் ஊன்றி, கையால் அழுத்தி எழுந்து, திரும்பி அதிலேயே உட்கார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் நட.

நாளைக்கே தம்பி பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் பழகிப் பார். ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். சாப்பாட்டை அப்புறம் விசாரிக்கலாம், முதலில் எந்தக் காலை ஊன்றி எழுந்தாய் என்று சொல்ல வேண்டும்.

உன் அன்பு மகள்