ஆக்சிஜனுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் தவித்தோம். கிடைக்கிற ஆக்சிஜனை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பற்றி இன்றும் அதிகம் பேசுவதில்லை. பொது வார்டில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு பாராசிட்டமால் மாத்திரைக்குக்கூட கேஸ் ஷீட்டில் அளவும் வேளையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆக்சிஜனுக்கு மட்டும் ‘வைங்க சிஸ்டர்’ என்ற வாய்வார்த்தையோடு பல நேரம் முடிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மூக்குக் குழாயா மாஸ்க்கா, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவின் சதவீதம்) எவ்வளவில் நிற்க வேண்டும், எதுவும் இருக்காது. நைட் ட்யூட்டிக்கு வருபவர் தானாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வருடக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சாச்சுரேஷன் பெரும்பாலோருக்கு 94 முதல் 98 சதவீதம், இவர்களைப் போன்றவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் என்று பிரிட்டனின் நுரையீரல் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008-லேயே இலக்கு வகுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த இப்படிப்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2010-ல் வெளியிட்டார்கள். தாராளமாகக் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால், 88–92-க்குள் அளந்து கொடுத்தவர்களில் இறப்பு பாதிக்கும் குறைவு.

வார்டில் நடப்பது வேறு. பெரியவருக்கு 2 லிட்டர் போகிறது, விரலில் மாட்டிய கருவி சாச்சுரேஷன் 90 என்று காட்டுகிறது. அவருக்கு அது போதும். ஆனால் மகனுக்கு மனசு கேட்பதில்லை. “கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர்” என்பார். நாம் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவரே திருகிவிடுவார். சற்று நேரத்தில் 99. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறலாம்; அதை விரலில் மாட்டிய கருவி காட்டாது. அப்பா அசந்து தூங்குகிறார் என்று நினைக்கும்போது அவர் நினைவிழந்துகொண்டிருக்கலாம். அதற்காகப் பதறிப்போய் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டார் தயவுசெய்து அந்தத் திருகைத் தொடாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

உயிருக்குப் போராடுகிறவருக்கு எழுதும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. முதலில் கொடுப்போம், அப்புறம் எழுதலாம். ஆனால் எழுதியே ஆக வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்கள் மருந்துச் சார்ட்டில் ஆக்சிஜனுக்கென ஒரு கட்டம் அச்சடிக்கட்டும்: சாச்சுரேஷன் இலக்கு, மூக்குக் குழாயா மாஸ்க்கா, லிட்டர், டாக்டரின் கையெழுத்து. இலக்கு தெரிந்தால் நர்ஸே அதற்கேற்பக் கூட்டிக் குறைத்து, நேரத்தோடு குறித்துவைக்க முடியும். இலக்கைத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடவும் முடியும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
திண்டுக்கல்