ரோஸ்டர் எப்போது கைக்கு வரவேண்டும்? தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொழில் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழும்பில் ஒரு சுப்பர்மார்க்கட்டில் கெஷியராக வேலை செய்கிறேன். குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். எந்த நிறுவனத்தின் பெயரையும் இந்த மடலில் எழுதப்போவதில்லை. புறக்கோட்டைத் துணிக்கடையில் நிற்பவரும் வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடையில் நிற்பவரும் என்னிடம் சொல்வது ஒரே கதைதான். அதனால் ஒரு கடையை மட்டும் குற்றஞ்சாட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

சம்பளம் போதவில்லை, ஓ.டி. தரவில்லை, ஈ.பி.எஃப். கட்டவில்லை என்று உங்கள் திணைக்களத்துக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கும். என் முறைப்பாடு வேறு. நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை என்பது இன்றிரவு வரை எங்களுக்குத் தெரியாமல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடுத்த கிழமைக்கான ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நேரம் வேலை என்ற அட்டவணை, ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டப்படும். எல்லாரும் போனில் படம் எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை பார்த்தால் அதே தாளில் சிவப்புப் பேனையால் இரண்டு பெயர் வெட்டப்பட்டிருக்கும். வியாழக்கிழமை வெள்ளை மை பூசி அதற்கு மேல் வேறு நேரம் எழுதியிருக்கும். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவரின் போனில் ஒரே கிழமையின் ரோஸ்டர் மூன்று படமாக இருக்கிறது, மூன்றிலும் அவருடைய நேரம் வேறு வேறு. அந்தத் தாளாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. வட்ஸ்அப் குரூப் அப்படியில்லை. இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு மெசேஜ் வரும்: "நாளை ஓப்பனிங்குக்கு ஆள் குறைவு. கீழே பெயர் உள்ளவர்கள் ஆறரைக்கு வரவும்." கீழே நாலு பெயர் இருக்கும். அதில் இரண்டு பேர் அந்த நேரம் குளோசிங்கில் நின்று கவுண்டர் காசு எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பத்தரைக்கு வெளியே வந்து, காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று பார்த்து, கடைசியில் சேர்ந்து ஓட்டோ பிடித்து வீடு போய்ச் சேர பதினொன்றரை ஆகும். ஆறரைக்குக் கடையில் நிற்க வேண்டுமானால் நாலரைக்கு எழும்ப வேண்டும். மெசேஜுக்குப் பெருவிரல் போடாவிட்டால் பத்து நிமிஷத்தில் சுப்பர்வைசரிடமிருந்து கோல் வரும்.

அந்த அக்காவுக்கு நாலு வயதில் மகள் இருக்கிறாள். மொண்டிசோரி விட்டதும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர் பிள்ளையைக் கூட்டிவந்து பின்னேரம் வரை பார்த்துக்கொள்கிறார், மாதக் கணக்குக்குக் காசு வாங்குகிறார். காலை ஷிஃப்ட் திடீரென்று இரவு ஷிஃப்டாக மாறினால் ஆன்ட்டியால் முடியாது, அவருக்கும் வீடு இருக்கிறது. அப்போது அக்கா யாரையாவது கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் லீவு போட வேண்டும். லீவு போட்டால், ஒழுங்காக வேலைக்கு வருவோருக்குக் கொடுக்கும் அந்த மாத வரவுக் கொடுப்பனவு போய்விடும். ரோஸ்டரை மாற்றியது நிறுவனம், அதற்குக் காசு இழப்பது அவர்.

இன்னொருவன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து தெமட்டகொடையில் போர்டிங்கில் இருக்கும் தம்பி. தீபாவளிக்கு லீவு உறுதி என்று ரோஸ்டரில் இருந்ததால் அம்மாவுக்குச் சேலையும் தங்கச்சிக்குச் சட்டையும் வாங்கிவிட்டான். முதல் நாள் பின்னேரம் பெஸ்டியன் மாவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கோல் வந்தது. நாளைக்கு வந்தே ஆகவேண்டும் என்றார்கள். அவன் திரும்பி வந்தான். ஏன் வந்தாய் என்று நான் கேட்டேன். "போனா அடுத்த மாசம் என்ன ஷிஃப்ட் போடுவாங்கன்னு தெரியாதே" என்றான். அந்தப் பயத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை. ஆனால் எங்கள் வேலைத்தளத்தில் எல்லாருக்கும் அது தெரியும். முடியாது என்று ஒருமுறை சொன்னவருக்கு அடுத்த கிழமை முழுக்கக் குளோசிங் விழும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாதது அல்ல, ஆனால் இந்த மடலை வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிய வேண்டும். கடை, அலுவலக ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம், அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் ஓ.டி. வாங்க முடியாது. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். வேலைக்குச் சேரும்போதே பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாவற்றையும் எழுத்தில் தரவேண்டும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது.

எழுபது வருஷத்துக்கு முன்பே இவ்வளவையும் யோசித்து எழுதியவர்களை நான் மதிக்கிறேன். எங்கள் நிறுவனமும் ஓ.டி. காசை ஒழுங்காகவே தருகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கடை திறக்கும் நேரமும் மூடும் நேரமும் ஏறக்குறைய எல்லா நாளும் ஒன்றுதான். யார் எப்போது வேலைக்கு வருவார் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. இன்று ஒரே கடையில் மூன்று ஷிஃப்ட், நடுவில் நாலு மணித்தியாலம் சும்மா விட்டுப் பின்னேரம் திரும்பக் கூப்பிடுகிற உடைந்த ஷிஃப்ட் வேறு. மணித்தியாலத்தை எண்ணிப் பார்த்தால் கிழமைக்கு 45 சரியாக இருக்கும். உங்கள் அதிகாரி வந்து பதிவேட்டைப் பார்த்தாலும் பிழை தெரியாது. அந்த 45 மணித்தியாலம் எந்த நாளில், எந்த நேரத்தில் விழும் என்று எத்தனை நாள் முன்னால் ஊழியருக்குச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் சட்டம் சொல்லவில்லை.

அந்த ஓட்டை வழியாகத்தான் நியமனக் கடிதங்களில் ஒரு வசனம் நுழைந்துவிட்டது. நிறுவனத்தின் தேவைக்கேற்ப வேலை நேரம் எந்த நேரத்திலும் மாற்றப்படலாம் என்பதுதான் அது. 17ஆம் பிரிவு கேட்கும் வேலை நேரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் அதை இல்லாமல் செய்துவிடுகிறார்கள். அதுவும் எனக்குத் தெரிந்த பலருக்கு அந்தக் கடிதம் ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற இருபது வயதுப் பிள்ளை இதைக் கவனிக்குமா? தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ்ப் பிள்ளையின் நியமனக் கடிதத்தைத் தமிழில் தரச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை.

ஒருவருடைய வேலை நிபந்தனைகளைத் தொழில்கொள்வோர் தன் பாட்டில் அடியோடு மாற்றி, அவர் தானாக விலகிப்போகும் நிலைக்குத் தள்ளினால், அதையும் வேலை நீக்கமாகவே பார்க்கும் வழக்கம் நம் தொழில் நியாய சபைகளில் இருக்கிறது. நல்லது. ஆனால் அது வேலை போன பிறகு கிடைக்கும் மருந்து. வேலையில் இருந்துகொண்டே, நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கும் உரிமைதான் எங்களுக்குத் தேவை.

வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் பெரிய சில்லறைக் கடைகளுக்கு இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓரிகன் மாநிலம் 2017இல் சட்டமே இயற்றியது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சில்லறைக் கடை, ஹோட்டல், உணவக நிறுவனங்கள் அங்கே 14 நாள் முன்னதாக எழுத்தில் ரோஸ்டர் தரவேண்டும். அதற்குப் பிறகு மாற்றினால் மேலதிகமாகக் காசு கொடுக்க வேண்டும், திடீரென்று சேர்க்கும் ஷிஃப்டை ஊழியர் மறுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை முடிந்து அடுத்த வேலைக்கு வர 11 மணித்தியால ஓய்வு இருக்க வேண்டும். வேலை நேரம் முன்கூட்டித் தெரியாத ஊழியர்களைப் போதிய அறிவித்தல் இல்லாமல் கூப்பிட்டால் மறுக்கலாம், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2019இல் ஒரு பணிப்புரையும் வந்தது. பணக்கார நாடுகளின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். முன்கூட்டிச் சொல்வதற்குக் காசு செலவாகாது.

முதலாளிமார் என்ன பதில் சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும், மனேஜர் வாயிலிருந்து தினமும் கேட்கிறோம். வியாபாரம் ஒரே மாதிரி இருக்காது, ஆள் வராமல் போவார்கள், திடீரென்று கூட்டம் வரும். உண்மைதான், வரும். ஆனால் பெரும்பாலான கூட்டம் திடீரென்று வருவதில்லை. சம்பள நாளையொட்டிக் கூட்டம் வரும். போயாவோடு சேர்ந்து நீண்ட விடுமுறை வந்தால் அதற்கு முதல் நாள் வரும். சித்திரைப் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் வரும். கிரெடிட் கார்ட் கழிவு போடும் நாளை அவர்களே தீர்மானித்து விளம்பரம் செய்கிறார்கள். நத்தார் கேக்குக்கு ஒக்டோபரிலேயே ஓர்டர் கொடுக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு டிசம்பர் 23ஆம் திகதி எத்தனை கெஷியர் வேண்டும் என்று 22ஆம் திகதி இரவில்தான் தெரியுமா? ஆள் வராத நாளுக்கென்று மேலதிகமாக இருவரை வைத்தால் சம்பளச் செலவு கூடும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் எங்கள் இரவுகளை எடுக்கிறார்கள்.

உண்மையான நெருக்கடி வந்தபோது நாங்கள் பின்வாங்கியதில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் கரண்ட் போனது, பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது. பஸ் இல்லாத நாளில் நடந்து வந்து கடை திறந்தோம். நேரம் மாறியபோது யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் நாடே அப்படி இருந்தது. அந்த நெருக்கடி முடிந்துவிட்டது, அன்று பழகிய வட்ஸ்அப் மெசேஜ் மட்டும் முடியவில்லை.

மேன்பவர் ஏஜென்சி மூலம் வரும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். நாள் சம்பளக்காரர்கள் அவர்கள். காலையில் வந்து நின்ற பிறகு, இன்று ஆள் போதும், வீட்டுக்குப் போ என்பார்கள். பஸ் காசும் போய், அந்த நாளும் போய்விடும். கடையில் கேட்டால் ஏஜென்சியிடம் கேள் என்பார்கள், ஏஜென்சியில் கேட்டால் கடைதான் சொன்னது என்பார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ரோஸ்டர் குறைந்தது ஏழு நாள் முன்னதாக, ஊழியருக்குத் தெரிந்த மொழியில், எழுத்தில் வரவேண்டும். 14 நாள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் ஏழிலிருந்தாவது தொடங்குங்கள். ஒட்டிய பிறகு மாற்றுவதென்றால் அந்த ஊழியரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காதவரின் வரவுக் கொடுப்பனவில் கை வைக்கக் கூடாது. குளோசிங் முடித்தவரை 11 மணித்தியாலத்துக்குள் ஓப்பனிங்குக்குக் கூப்பிடக் கூடாது. இரவில் வீடு திரும்பும் பெண்களுக்கு இது தூக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை, பாதுகாப்பும்தான். வேலைக்கு வந்த பிறகு திருப்பி அனுப்பினால் அன்றைய சம்பளத்தை முழுதாகத் தரவேண்டும், மேன்பவர் பிள்ளைகளுக்கும் சேர்த்து. வெள்ளம், கரண்ட் தடை, ஊரடங்கு போன்றவற்றுக்கு விலக்குக் கொடுங்கள், அதை நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

இதற்கெல்லாம் பாராளுமன்றத்தில் சட்டத் திருத்தம் வேண்டும், காலம் எடுக்கும் என்பது புரிகிறது. தொழிற் சட்டங்களை ஒன்றாக்கப் போகிறோம் என்ற பேச்சும் சில வருஷமாக நடக்கிறது. அந்த வரைவு எப்போது மேசைக்கு வந்தாலும் அறிவித்தல் காலம் என்று ஒரு பிரிவு அதில் இருக்க வேண்டும்.

அதுவரை நாரஹேன்பிட்டியில் உள்ள உங்கள் திணைக்களத்திலிருந்து உங்களால் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் தொழில் அதிகாரிகள் கடைகளுக்குப் பரிசோதனைக்கு வரும்போது வரவுப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் கேட்கிறார்கள். அதோடு சேர்த்து, முதலில் ஒட்டிய ரோஸ்டரையும் கேட்கச் சொல்லுங்கள். வரவுப் பதிவேட்டையும் ரோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், எத்தனை நாள் மாறியது என்று ஊழியரிடம் தனியாகக் கேட்கட்டும், மனேஜர் பக்கத்தில் நிற்காமல். வட்ஸ்அப் மெசேஜைக் காட்டினால் அதையும் முறைப்பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும். வருகிற நத்தார் சீசனுக்கு முன்னால் இப்படி ஒரு சுற்றறிக்கை உங்கள் கையெழுத்தோடு வந்தால் போதும், ரோஸ்டர் எழுதுகிறவர்கள் பேனையை எடுக்குமுன் ஒருமுறை யோசிப்பார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கடை ஊழியர்