ஏரிக்கரை வீட்டை ஏன் எடுத்துவிட்டாய்?

அன்புள்ள கண்ணா,

கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே பற்றிய உன் படப் புத்தகத்தின் டம்மி, அதான் அச்சுக்கு முந்தைய மாதிரிப் பிரதி, வந்து சேர்ந்தது. உறைக்குள் இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். சரி, வேலை இருக்கும்.

அவருடைய டோம்-இனோ என்ற கான்கிரீட் வீட்டுச் சட்டகத்தை நீ வரைந்திருப்பதைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. ஆறு தூண், மூன்று தளம், ஒரு படிக்கட்டு; ஒரு கோடு கூடுதலில்லை. உன்னுடைய இதே கைதான் அவர் கட்டிய வில்லா சவோய் வீட்டின் தரைத்தளத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறது! அந்தச் சுவர் கரும்பச்சை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு வண்ணம் தீட்டினால் இப்படித்தான் ஆகும். மாடிக்கு ஏறும் சரிவுப்பாதை வேறு நேராக நடுமடிப்பில் விழுகிறது. பசை பைண்டிங் பக்கத்துக்கு எட்டு மில்லிமீட்டராவது விழுங்கும். வீட்டை வலப்பக்கம் தள்ளு. சரிவை மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில் காட்டினால் புதிதாகப் படிப்பவருக்குப் புரியாது; வீட்டைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் வெட்டுப்படம் போடு. கீழே கண்ணாடிச் சுவர் வளைவது கார் திரும்புவதற்காக. அங்கே ஒரு காரை வரைந்துவிட்டால் விளக்கமே வேண்டாம்.

மழைக்கு அந்த வீடு ஒழுகியதையும், அந்த வீட்டின் சொந்தக்காரம்மா லெ கொர்பூசியேவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியதையும் மறைக்காதே. தட்டைக் கூரையைப் பற்றிப் பேசிவிட்டுக் கசிவைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரம்.

தளப்படங்கள் ஆளுக்கொரு அளவில் இருக்கின்றன. வீடுகளெல்லாம் 1:200-இல் இருக்கட்டும். மார்செய் நகரில் அவர் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஏறக்குறைய 137 மீட்டர் நீளம், பக்கத்தில் அடங்காது. அதை மட்டும் 1:1000-இல் போடு. விகிதத்தை எண்ணாக எழுதாதே, அளவுகோல் கோடு வரை. அச்சகத்தில் பக்கத்தைச் சுருக்கினால் எண் பொய்யாகிவிடும், கோடு கூடவே சுருங்கும். வடக்குக் குறி ஒன்றில்கூட இல்லை.

நான் கேட்க வந்தது வேறு. முதல் டம்மியில் இருந்த ஏரிக்கரை வீட்டை ஏன் எடுத்தாய்? ஜெனீவா ஏரியோரம் அப்பா அம்மாவுக்காக அவர் கட்டியது. 64 சதுர மீட்டர்தான். வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு அதற்கேற்ற மனையைத் தேடினார். ஏரியைப் பார்த்து 11 மீட்டருக்கு ஒரே ஜன்னல். நீள ஜன்னலை விளக்க இதைவிட எளிய உதாரணம் ஏது? 1924-இல் குடிபோனார்கள். 1926-இல் அப்பா போய்விட்டார். அம்மா 1960-இல் இறக்கும் வரை அந்த வீட்டில்தான் இருந்தார். பாரிஸிலிருந்து மகன் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார், உலகம் முழுக்க வேலை இருந்தும்.

இடமில்லை என்பாய். அவர் வடிவமைத்த சண்டிகர் நகரத்துக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறாய், அதில் அங்குள்ள திறந்த கைச் சின்னம் மட்டும் மூன்று முறை. அதுவும் அவர் காலத்திலேயே நிறுவியதுபோலக் குறிப்பு! அவர் இறந்தது 1965-இல். சின்னம் எழுந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. இரண்டு பக்கம் அங்கிருந்து எடு. ஏரிக்கரை வீட்டைத் திரும்ப வை. அம்மாவையும் வரை. ஜன்னலருகே ஓர் ஆள் நின்றால்தான் அளவே தெரியும்.

வடக்குக் குறி, மறக்காதே. அவருடைய ஓவியங்களை அப்படியே எடுத்துப் போடுவதானால் பாரிஸில் உள்ள அவரது அறக்கட்டளையிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

திருத்தங்களைப் பென்சிலில் குறித்திருக்கிறேன், தபாலில் அனுப்ப வேண்டும். பழைய முகவரிதானா? போனிலேயே சொல்லலாம். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மா