எல்லா ரிக்கார்டும் வினைல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்வது பற்றி வந்த கட்டுரை உபயோகமானதுதான். ஆனால், ‘சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள், கறை போகாவிட்டால் பெட்ரோலைத் தொட்டுத் துடையுங்கள்’ என்ற யோசனையை 1960களின் அமெரிக்க சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் 45-களிடம் (நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சிறிய தட்டுகள்) யாரும் காட்டிவிட வேண்டாம். அவற்றில் கணிசமானவை வினைலே அல்ல, பாலிஸ்டைரீன் (சுருக்கமாக ஸ்டைரீன்) என்ற வேறொரு பிளாஸ்டிக்.

ஒரே பாட்டு, மோட்டவுன் என்ற ஒரே இசைத்தட்டு நிறுவனம். மிச்சிகன் மாநிலம் ஒவாசோ ஆலையில் அச்சானது வினைல், லாஸ் ஏஞ்சலிஸ் மோனார்க் ஆலையில் அச்சானது ஸ்டைரீன். அதனால் தட்டின் நடுவில் இருக்கும் லேபிளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பாட்டு முடிந்தபின் ஊசி சுற்றும் வெற்றுப் பகுதியைச் சாய்த்துப் பாருங்கள். சின்ன முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அது மோனார்க். விளிம்பும் காட்டிக்கொடுக்கும்: வினைலுக்கு மெலிந்து முடியும், ஸ்டைரீனுக்குத் தட்டையாக வெட்டினாற்போல் நிற்கும். நகத்தால் தட்டினால் ஸ்டைரீன் ‘டக்’ என்று கெட்டியாகச் சத்தம் தரும். வளைத்துப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். வினைல் வளையும், இது உடையும்.

வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுத்தப்படுகிறது. ஸ்டைரீன் தட்டை அச்சில் உருக்கிச் செலுத்தி எடுத்தபின் லேபிளைப் பசை போட்டு ஒட்டுவார்கள். ஊறவைத்தால் முதலில் கொப்புளம், பிறகு காகிதம் கையோடு வந்துவிடும். பெட்ரோலும் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் ஸ்டைரீனையே கரைக்கும். கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டை எடுக்கப் போய், பாட்டுப் பதிந்த பள்ளங்களை இழந்த தட்டுகள் ஏராளம். ஸ்பிரிட்டும் வேண்டாம். (அரக்கில் செய்த, அதைவிடப் பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு ஸ்பிரிட் எமன்.)

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டுப் போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, லேபிளைத் தொடாமல், பள்ளம் போகும் திசையிலேயே துடைக்க வேண்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு துடைப்பு. போர் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கி, படபடவென்று பொரியும்.

எத்தனை கழுவினாலும் போகாத சத்தம் ஒன்று உண்டு. அந்தக் கால வானொலி நிலையங்களில் பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்க, ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அந்த இடத்தில் ஸ்டைரீன் தேய்ந்து, முதல் சில விநாடிகள் ‘உஸ்ஸ்’ என்று இரையும். விளம்பரத்துக்காக வானொலிகளுக்கு அனுப்பிய, பெரும்பாலும் வெள்ளை லேபிள் ஒட்டிய புரமோ பிரதிகளில் இது சர்வசாதாரணம். வெள்ளை லேபிளைக் கண்டதும் மயங்கிப் பணத்தை எண்ணிவிடாமல் முதல் பத்து விநாடியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அடுத்து, கடைசி அரை நிமிடத்தைக் கேளுங்கள். உள்வட்டத்தில் சுற்று சிறியது, பள்ளத்தில் பதிந்த அலைகள் நெருக்கம், தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ரிக்கார்டு என்றால் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து எழும்பும் இடத்தில் கரகரப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அழுக்கல்ல, போன பள்ளம்.

இந்தத் தட்டுகளுக்கு 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உருண்டை முனை ஊசி நல்லது. தட்டுக்கு நோகக்கூடாது என்று ஊசி அழுத்தும் எடையை ஒரு கிராமுக்கு இறக்குபவர்கள் உண்டு; கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) கேட்கும் எடை கிடைக்காவிட்டால் ஊசி தத்தித் தத்திப் பள்ளத்தின் சுவரை இன்னும் மோசமாகச் சேதப்படுத்தும். அக்காலத்து 45-கள் பெரும்பாலும் மோனோ (ஒற்றைத் தட ஒலி) என்பதால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்தினாலே இரைச்சலில் ஒரு பங்கு அடங்கிவிடும்.

38 மில்லிமீட்டர் நடுத்துளைக்குப் போடும் அடாப்டர் இறுக்கமாக இருந்தால் அழுத்தித் திணிக்காதீர்கள், அடாப்டரின் ஓரத்தை உப்புத்தாளால் சற்றுத் தேயுங்கள். ஸ்டைரீனில் விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
திருச்சி