புள்ளி வைத்த அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

ஏரல், 26 மார்ச் 2024

இன்று பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு முடிந்தது. மாலை வகுப்புப் பிள்ளைகள் 31 பேரும் எழுதிவிட்டார்கள். போன டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளம் என்ன செய்தது என்று இந்தத் தாமிரபரணிக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுகள் எல்லாம் போனபின், மூன்றே மாதத்தில் கட்டுரை எழுதப் பழக்குவது எப்படி என்று கையைப் பிசைந்த நேரத்தில் வந்து நின்றவர்களுக்கு இந்த மடல்.

முதலில் அண்ணாச்சிக்கு. பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் வாத்தியார் இல்ல, பிழை மட்டும் பாக்கேன்" என்று பென்சிலும் ஓர் அடி ஸ்கேலுமாக வந்தார்.

அவர் செய்தது இவ்வளவுதான்: பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. வட்டம் கிடையாது, திருத்தம் கிடையாது. ஒரே வரியில் இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. பத்து நிமிடத்துக்குள் பிள்ளையே தேடிப் பிடிக்க வேண்டும். சிவப்பு மையில் முப்பது திருத்தம் போட்ட தாளைப் பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். கை மட்டும்தான் வேலை செய்யும். புள்ளி வைத்தால் வரியைப் படித்தே ஆக வேண்டும். பாதிக்கு மேல் அவர்களே பிடித்துவிட்டார்கள். தேடியும் கிடைக்காததுதான் நாம் சொல்லித்தர வேண்டிய பாடம். 'முயற்ச்சி', 'கற்ப்பனை' என்று எழுதும் பிள்ளைக்கு, ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு வல்லின மெய் வராது என்று சொன்னால் 'வெட்க்கம்' என்பதும் கூடவே ஒழியும். 'சுவற்றில்' என்று எழுதினால், மூலச்சொல்லைக் கேட்க வேண்டும். கிணறு, கிணற்றில். சுவர், சுவரில்.

ஸ்கேல் எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. படிக்கும் வரிக்குக் கீழே வைத்து மீதியை மறைத்தால் கண் முந்தி ஓடாது. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் புரூஃபைப் பார்ப்பார்களாம். அதையே இங்கே கொஞ்சம் மாற்றினார்: ஒரு பிள்ளையின் கட்டுரையைப் பக்கத்துப் பிள்ளை படிக்கும், எழுதியவர் கேட்பார். படிப்பவர் எங்கே திக்குகிறாரோ அந்த வாக்கியத்தில்தான் கோளாறு.

'அரசின் திட்டங்கள் ஏழை எளிய மக்களின் வாழ்வை உயர்த்துகிறது' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அண்ணாச்சி கடைசிச் சொல்லில் விரலை வைத்து, "எதும்மா உயர்த்துது?" என்றார். அவள் விரல் பின்னாலேயே போய் 'திட்டங்கள்' மேல் நின்றது. 'உயர்த்துகின்றன' என்று அவளே அடித்து எழுதினாள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நான்கு சொல் வந்துவிட்டால் முதலில் இருந்த பன்மை மறந்துபோகும். இந்தப் பிழை இலக்கணம் தெரியாததால் வருவதில்லை.

ஆனால் புள்ளி வைக்கும் முன் கட்டுரையைப் பென்சில் இல்லாமல் ஒருதடவை முழுக்கப் படிப்பார். குறிப்புச் சட்டகத்தில், அதாவது கட்டுரைக்கு முன்னால் போடும் தலைப்புப் பட்டியலில், விட்டுப்போன குறிப்பு உண்டா, ஒரே செய்தி இரண்டு பத்தியில் வருகிறதா என்பதை முதலில் கேட்பார். தூக்கிப் போடவேண்டிய பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் வேலை. முன்னுரைக்கு மேலே ஐந்து வரி இடம் விட்டு, அதைக் கடைசியில் எழுதச் சொன்னதும் அவர்தான். முதலில் எழுத உட்கார்ந்தால் எந்தத் தலைப்புக்கும் மனப்பாடம் செய்த அதே முன்னுரைதான் வந்து விழும்.

இரவு ஏழரை வரை வகுப்பறையைத் திறந்துவைத்த தலைமையாசிரியர், தாள் கட்டுகளை இறக்கிவிட்டுப் பணம் வாங்காமல் போன ஸ்டேஷனரிக் கடைக்காரர், முறைவைத்துச் சுண்டல் அவித்த மகளிர் குழு அக்காமார், பிள்ளைகளைத் தெருமுனை வரை கொண்டுவிட்ட ஆட்டோத் தம்பிகள்: உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இனி எங்கள் வகுப்பில் சிவப்பு மை இல்லை. வாரம் மூன்று கட்டுரை எழுதவைத்து மூன்றையும் மேலோட்டமாகப் பார்க்கப் போவதும் இல்லை. ஒரே கட்டுரை, அதையே மூன்று தடவை திருத்தி எழுதுவது.

ஏப்ரல் 8-இல் கடைசித் தேர்வு. அந்த வாரச் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புது நோட்டோடு வருகிறார்கள். அண்ணாச்சி, ஸ்கேல் இங்கேதான் மேசையில் இருக்கிறது.